திருப்பிப் போட்ட பேரிங்

"இனிமே வண்டியை யார்கிட்டங்க காட்டறது?"

மாலையைக் கூடத்தில் கிடத்தியிருந்த தம்பியின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்த பால்காரர், பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டார். காலையிலிருந்து இதே கேள்வியை நாலைந்து பேர் கேட்டாகிவிட்டது. ஒரே கார் பட்டறையில் தம்பியோடு முதல் நாளிலிருந்து வேலை பார்க்கிற அண்ணனிடம் கேட்கிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. பெரியவர் தலையை ஆட்டிவைத்தார்.

பட்டறைக்கு முதலில் கடன் வாங்கியதும் இடம் பிடித்ததும் அவர்தான். ஆனால் ஊருக்கு அது தம்பி பட்டறை. தம்பி சாப்பிடப் போயிருந்தால், "வரட்டும், அவசரமில்ல" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். எதிரே பெரியவர் சும்மா நின்றுகொண்டிருப்பார். அப்போதெல்லாம் வயிறு எரியும். இன்றும் எரிந்தது. செத்தவன் மேல் என்ன பொறாமை என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் அடங்கவில்லை.

தம்பி முந்தின சாயங்காலம் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடும் டிரைவரின் டாக்சிக்குப் பின்பக்க இடது சக்கரத்தில் புது பேரிங் போட்டான். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினவன் தெருமுனையிலேயே திரும்பி வந்தான். டாஷ்போர்டில் ஏபிஎஸ் பிரேக் விளக்கும், அதன் பக்கத்தில் சறுக்கும் காரின் படம் போட்ட விளக்கும் சேர்ந்து எரிந்தன. "நாளைக்குப் பாத்துக்கலாம்ணா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். குளியலறையிலேயே விழுந்துவிட்டான். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியூரில் படிக்கும் தம்பி மகள் சாயங்கால விமானத்தில் வருகிறாள். அவளுக்காகத்தான் உடலை வைத்திருக்கிறார்கள்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன். ஆனா என் வண்டியில அந்த லைட்டு எரியுதே. மழை வேற. பிரேக்கை அழுத்தி வண்டி வழுக்கிடுச்சுன்னா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"வேற வண்டி பிடிச்சுக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி நிமிர்ந்தாள். "வேண்டாம். அவர் கடைசியா கை வெச்ச வண்டி. அதுலயே எம் பொண்ணு வரட்டும்."

"நான் பாக்கறேன்" என்று பெரியவர் எழுந்தார். கண்ணாடிக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை பெரியவருக்குப் பழக்கம்தான்.

பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டு கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டினார். பின் இடது சக்கரத்து சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்றது. தம்பிக்கு ஸ்கேனர் என்றாலே இளக்காரம். காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், அதுதான் கொடுமை.

வண்டியைத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றவிட்டார். மூன்றுக்கும் திரையில் வேகம் காட்டியது. நாலாவதற்குப் பூஜ்யம். ஒயரைக் கையால் தடவிப் பார்த்து, மீட்டர் வைத்தும் பார்த்தார். அறுபடவில்லை. வலது பக்கத்து சென்சாரைக் கழற்றி இங்கே மாட்டினார். அப்போதும் பூஜ்யம்தான். சென்சாரில் குறையில்லை என்றால் அது பார்க்கிற பொருளில்தான் குறை. சென்சாரை எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக ஒரு குண்டூசியை விட்டுப் பேரிங்கின் முகத்தைத் தொட்டார். ஊசி ஒட்டவில்லை.

பெரியவர் மறுபடியும் ஊசியை விட்டுப் பார்த்தார். அப்போதும் ஒட்டவில்லை.

அந்தப் பேரிங்குக்கு ஒரு முகத்தில் மட்டும் காந்த வளையம் உண்டு. பார்வைக்கு இரண்டு முகமும் ஒன்று போலவே இருக்கும். சக்கரத்தின் வேகத்தை சென்சார் அந்தக் காந்தத்தை வைத்துத்தான் அறியும். திருப்பிப் போட்டாலும் பேரிங் கச்சிதமாக உட்காரும், சத்தமில்லாமல் சுற்றும். காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. போடுவதற்கு முன்னால் ஒரு ஊசியை ஒட்டிப் பார்த்திருந்தால் போதும்.

தம்பி பார்க்கவில்லை. தம்பி தப்பு பண்ணியிருக்கிறான்.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி பிணமாகக் கிடக்கையில், வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது. தம்பி போட்டதைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்து, அலமாரியில் இருந்த இன்னொரு புதியதை ஊசி வைத்துப் பார்த்து, சரியான பக்கமாக இறக்கினார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது இரண்டு விளக்குகளும் அணைந்திருந்தன.

கையைக்கூடக் கழுவாமல் கழற்றின பேரிங்கோடு உள்ளே போனார்.

"பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கான்மா. அதான் லைட்டு எரிஞ்சது. நான் சரி பண்ணிட்டேன்."

தம்பி மனைவி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அவரா? இருக்காது மாமா. கழட்டும்போது பக்கம் மாறிப் பாத்திருப்பீங்க. ராத்திரி பூரா நீங்க கண்ணே மூடல" என்றாள். குரலில் துளி கோபம் இல்லை. "போய் ஒரு வாய் காப்பி குடிங்க."

கண்ணாடிக்காரர் வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிப்போய் வந்தார். "வேலையைச் சுத்தமா முடிச்சு வெச்சிட்டுத்தான் போயிருக்கார் தம்பி. ஏதோ ஒயரு லூசா இருந்திருக்கும், இல்லைங்களா?"

பெரியவர் கையிலிருந்த பேரிங்கைப் பார்த்தார். பேரிங், காந்தம், ஊசி என்று எங்கிருந்து ஆரம்பிப்பது? சொன்னால்தான் யாருக்குப் புரியும்? புரிந்தாலும் நம்பவா போகிறார்கள்?

"நேரமாச்சு, கிளம்புங்க" என்றார்.

டாக்சியை வழியனுப்ப எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். கூடத்தில் அண்ணனும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறவன் தம்பி ஒருத்தன்தான். நாலு பேரைக் கூப்பிட்டு, "நான் பண்ணின கூத்தைக் கேளுங்க, அண்ணன்தான் கண்டுபிடிச்சார்" என்று அவனே ஊரெல்லாம் சொல்லியிருப்பான். அதற்கும் அவனைத்தான் எல்லோரும் மெச்சியிருப்பார்கள்.

பெரியவர் நாற்காலியை இழுத்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"டேய், திருப்பிப் போட்டிருக்கடா" என்றார்.

பிறகு நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்து, காதருகில் குனிந்து, சற்று உரக்க அதையே மறுபடி சொன்னார்.