அம்மன் இடப்பக்கம் திரும்பினாள்

தெரு முடக்கில் குடை சாய்கிறது, குடைக்குக் கீழே மாலை வெயில் பட்ட அம்மனின் முகம், வலப்பக்கம் போக வேண்டியவள் இடப்பக்கம் திரும்பி எங்கள் ஒழுங்கைக்குள் வருகிறாள், மா அப்பிய கையோடு படலையில் நிற்கிறேன், இது முகாமா ஊரா என்று ஒரு கணம் தெரியவில்லை, முகாமென்றால் சரி, போருக்குத் தப்பிக் கடல் கடந்து மண்டபம் முகாமில் கிடந்த அந்த இருபது சொச்ச வருடமும், தகரக் கொட்டகைக்குள் நாங்கள் வைத்துக் கும்பிட்ட அம்மன் பங்குனி உத்தரத்தன்று வெளிக்கிட்டால் குழாயடியில் இடப்பக்கம் திரும்பி எங்கள் வரிசைக்குத்தான் வருவாள், குடிசை வாசலில் நான் கும்பம் வைப்பேன், ஊரில் எங்கள் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர்கள் அங்கே பக்கத்து வாசலில் வைப்பார்கள், அகதிக்கு ஏது மேல், ஏது கீழ். ஊர் திரும்பி இடிந்த கோயிலைக் கட்டியபோதும் கல் சுமந்தேன், ஒருவரும் தடுக்கவில்லை, பங்குனி உத்தரத் திருவிழா வந்ததும்தான் கோயில் மணியகாரர் வாயைத் திறந்தார், அம்மாள் பழைய பாதையாலதான் போவா, பாதை எண்டா பாதைதான். சாதி என்ற சொல் அவர் வாயில் வராது, பாதை என்றுதான் வரும். பழைய பாதை எங்கள் ஒழுங்கையைத் தொடாமல் வலப்பக்கம் போய்விடும், நாங்கள் சந்தியில் நின்று எட்டிக் கும்பிட வேண்டும், அகதியாய்க் கிடந்தபோது வாசல் தேடி வந்தவளைச் சொந்த ஊரில் சந்தியில் போய்ப் பார்ப்பதா, எனக்கு வந்த கோபத்தில் கும்பமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று படலையைச் சாத்திவிட்டு மோதகத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மேளம் கிட்ட வருகிறது, அம்மனின் வாகனத்தில் முன் கொம்பைத் தோளில் காவுகிறவன் யசோதரன், முகாமில் பிறந்தவன், அவனுக்குத் தெரிந்த ஒரே வீதியுலா அங்கே நடந்ததுதான், பின்னால் மணியகாரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார், டேய், வலப்பக்கமெல்லோ, எங்கயடா போறாய், அவன் மூச்சு வாங்கச் சொல்கிறான், கால் பழகிப் போச்சு ஐயா, முடக்கைக் கண்டதும் தன்பாட்டில திரும்பிட்டுது, சொல்லும்போது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினானா, தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன். பின்னுக்கு எடடா எண்டுறன், மணியகாரர் கத்த, முகாமிலும் எங்களுக்குப் பூசை செய்த சபாபதி ஐயர் கைமணியை நிறுத்தினார், அம்மாள் பின்னுக்கு நடக்கிறேல்லை, வந்த அம்மாளைத் திருப்பி அனுப்ப எனக்கொரு மந்திரமும் தெரியாது, உமக்குத் தெரிஞ்சாச் சொல்லும். ஒழுங்கையே சிரித்தது, சிரித்த கையோடு ஓடியது, படலைகள் திறந்தன, நான் குடிக்கிற செம்பில் தண்ணீர் கோலி, மாவிலைக்கு ஓட நேரமில்லாமல் வேப்பங்கொப்பை முறித்துக் குத்தி, தேங்காயை வைத்து, மிச்ச மாவை அள்ளி வாசலில் கோலமென்று எதையோ இழுத்தேன், சந்தோசத்தில் கோலம் கோணல்மாணலாய்ப் போனது, போனால் போகட்டும்.

அம்மன் நின்றாள், எட்டிப் பார்க்கத் தேவையில்லாத தூரத்தில், என் படலைக்கு நேரே, சாமிக்கு முன்னால் வேறு வழியின்றி மணியகாரரும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், தட்டோடு வந்த ஐயர், அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்லு பிள்ளை என்றார், வாயைத் திறந்தால் என் பேர் வரவில்லை, எங்கட ஒழுங்கையின்ர பேரில செய்யுங்கோ ஐயா என்றேன். ஒழுங்கைக்கு என்ன நட்சத்திரமெண்டு சொல்லுறது, என்று அவர் சிரித்தார். உத்தரம் ஐயா, இண்டைக்குத்தானே பிறந்தது.