கடன் ஒத்திகை

நாங்கள் படித்த கல்லூரியின் விடுதியை இடிக்கிறார்களாம். கருமி படம் அனுப்பியிருந்தாள். மூன்றாம் மாடியில் எங்கள் அறைக்குச் சுவரே இல்லை, குழாய் மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. அந்தக் குழாயில் ஒருநாளாவது ஒழுங்காகத் தண்ணீர் வந்ததுண்டா? வந்ததே இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறையில் நாங்கள் மூன்று பேர். நான், கருமி, தூங்குமூஞ்சி. இரண்டு பட்டப்பெயரும் நான் வைத்தவை. பற்பசை டியூபைக் கத்தரித்து உள்ளே வழித்தெடுப்பவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? மற்றவள் தேர்வு மண்டபத்திலேயே தூங்கியவள். நேர்காணலுக்குப் போட மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. எனக்குக் கடிக்கும், கருமிக்குக் கழன்று ஓடும். அன்றைக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். இன்றைக்கு யாராவது அந்த ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்வேன்.

இரண்டாம் ஆண்டில் வங்கிக்காரர்கள் கல்லூரி வாசலில் மேசை போட்டார்கள். படிவம் வாங்கினால் ஒரு பை இலவசம். கட்டணத்துக்கு மட்டும் கடன் வாங்கினால் வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும். 'மேற்செலவு' என்ற கட்டத்திலும் டிக் போட்டால் அதே அளவு பணம் இன்னொரு பங்காகக் கைக்கு வரும். ஆனால் அதற்கு அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். வகுப்பில் பாதிப் பேர் டிக் போட்டுவிட்டுப் புது லேப்டாப்போடு திரிந்தார்கள். எனக்கும் ஆசை விடவில்லை. லேப்டாப், வெளியே தனி அறை, என் காலுக்கென்றே ஒரு ஷூ. மனத்துக்குள் எல்லாவற்றையும் வாங்கியே முடித்துவிட்டேன்.

அம்மாதான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிப்பவள், வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பளம்தான். போனில் கேட்டதும், "உனக்கு வேணும்னா போட்டுடறேன்டி" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

கருமிதான் குறுக்கே விழுந்தாள்.

"வாங்கு. நான் வேண்டாம்னு சொல்லல. படிவம் கொடுக்க மூணு மாசம் இருக்கில்ல? அதுவரைக்கும் ஒத்திகை பாரு."

"என்னடி ஒத்திகை?"

"கடன் வாங்கிட்டதா நெனச்சுக்கோ. மாசாமாசம் அஞ்சாம் தேதி தவணைக் காசை இந்த பிஸ்கட் டப்பால போடு. மூணு மாசமும் கட்டிட்டேன்னா நானே டிக் போடப் பேனா எடுத்துக் கொடுக்கறேன். ஒரு நாள் தள்ளிப்போனாலும் வாரம் பூரா பாத்ரூம் நீதான் கழுவணும்."

இது எங்கள் மாடியில் அவள் நடத்திக்கொண்டிருந்த திருவிளையாடல். கடன் என்று யார் வாயெடுத்தாலும் அந்த டப்பா அவர்கள் அறைக்குப் போய்விடும். தூங்குமூஞ்சி முந்தைய வருடம் ஸ்கூட்டருக்காக ஒத்திகை பார்த்தாள். இரண்டாம் மாதமே "ஐயோ சாமி, ஆளை விடு" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். நான் அப்படிப்பட்டவளா? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல், வீம்பு அதற்கும் மேல்.

மதியத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். முதல் மாதச் சம்பளத்தில் தவணையை டங்கென்று டப்பாவில் போட்டேன். இரண்டாம் மாதம் செய்முறை நோட்டு, பல்வலி என்று கையைக் கடித்தது. எதிர் அறைக்காரியிடம் கேட்டு வாங்கிப் போட்டேன். மூன்றாம் மாதம் அவள் முறைக்க ஆரம்பித்தாள். கேன்டீன் அண்ணனிடம் வாங்கி, பாதியை அவளுக்குக் கொடுத்து, மீதியோடு என் சம்பளத்தையும் சேர்த்து டப்பாவில் போட்டேன். பிறகு அண்ணன் கண்ணில் படாமலிருக்க, கேன்டீனின் பின்பக்கம் குப்பைத்தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போய்வந்தேன்.

டப்பாவைத் திறக்கும் நாள் வந்தது. கருமி கட்டிலில் காசைக் கொட்டி எண்ணினாள். ஒரு பைசா குறையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியா? பேனாவ எடு."

அந்த நேரம் பார்த்துத் தலையில் துண்டோடு எதிர் அறைக்காரி வந்து நின்றாள். "டப்பா திறந்தாச்சா? அப்போ என் மிச்சக் காசைக் கொடு."

கருமி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காசைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அடிப்பாவி! வாங்காத கடனைக் கட்டக் கடன் வாங்கினியா?" தூங்குமூஞ்சிகூட எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"என் கடன், என் இஷ்டம். உனக்கென்னடி வந்தது?" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் புத்திமதி எதுவும் சொல்லவில்லை, காசை மட்டும் என் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். எதிர் அறைக்காரிக்கும் அண்ணனுக்கும் திருப்பிக் கொடுத்தேன். "என்ன தங்கச்சி, ஆளையே காணோம்? உடம்பு சரியில்லையான்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். அவர் காசைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெள்ளிக்கிழமை அம்மா வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வங்கிக்கு வந்தாள். இருப்பதிலேயே நல்ல உடுப்பு, கையில் மடித்த கைக்குட்டை. அதிகாரி தேன் ஒழுகப் பேசினார். "மேற்செலவுக்கும் சேர்த்தே வாங்கிக்கம்மா. எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் வாங்கறாங்க." அம்மா உடனே பேனாவுக்குக் கை நீட்டினாள். "எங்க சார் போடணும்?"

எனக்கு அந்தக் குப்பைத்தொட்டிகள் கண்முன் வந்தன. இல்லாத கடனுக்கே ஒளிந்து நடந்தவள் நான்.

"கட்டணத்துக்கு மட்டும் போதும் சார்."

"யோசிச்சுச் சொல்லும்மா. அப்புறம் கேட்டாக் கிடைக்காது."

"யோசிச்சாச்சு சார்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் நடைபாதையிலேயே நின்று பையைத் துழாவிப் போனை எடுத்தாள்.

"யாருக்கும்மா?"

"சூப்பர்வைசருக்கு. உன்னால தவணை கட்ட முடியாமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு ஒன்னாம் தேதியிலேருந்து ரெண்டாவது ஷிஃப்டும் பார்க்கறேன்னு கேட்டு வச்சிருந்தேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ ஆசைப்பட்டுக் கேட்டே. எப்படிடி முடியாதுன்னு சொல்றது?" என்றவள், மறுமுனையில் குரல் கேட்டதும் நிமிர்ந்து நின்றுகொண்டாள். "சார், நான்தான் சார். அந்த ரெண்டாவது ஷிஃப்ட் எனக்கு வேண்டாம் சார். ஆமா சார். எம் பொண்ணு வேண்டாம்னுட்டா."