கையால் ராவிய கொக்கி

வேனின் இடப்பக்கப் பின்சக்கரத்து பிரேக் டிரம்முக்குள் இருந்த ஸ்பிரிங் டக்கென்று கழன்று உள்ளங்கையில் விழுந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய ஸ்குரூடிரைவரின் நுனியை அரத்தால் ராவி, பள்ளம் போட்டு, காலையெல்லாம் உட்கார்ந்து அவனே செய்த கொக்கிதான் அதை இழுத்தது. பதினொரு வருஷம் வேலை பார்த்த வண்டிப் பட்டறையிலிருந்து சென்ற மாதம் வெளியேறும்போது, "உங்க சாமான் இல்லாட்டி எனக்குக் கை ஓடாதா?" என்று முதலாளியிடம் வாயை விட்டிருந்தான். ஓடுகிறதே! அந்த மிதப்பிலேயே வலப்பக்கச் சக்கரத்தையும் கழற்றி, டிரம்மை அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூக்களைப் பிரித்துக் கீழே போட்டான்.

பிறகுதான் உறைத்தது. ஒரு பக்கத்தை மாட்டி முடிக்காமல் மறுபக்கத்தில் கை வைக்கக் கூடாது; பிரிக்காத பக்கத்தைப் பார்த்துத்தானே பிரித்ததை மாட்ட வேண்டும்? இதற்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பான்! நான்கு ஷூக்களும் சாக்கின் மேல் கலந்து கிடந்தன. நீளமான லைனிங் ஒட்டிய ஷூ முன்னாலா, பின்னாலா? வண்டிக்கு வண்டி மாறும். இந்த மாடலை அவன் தொட்டதே இல்லை.

குத்துமதிப்பாக மாட்டினான். கழற்றினான். மாற்றி மாட்டினான். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினான். கொக்கி சொன்னபடி கேட்டது, மனசுதான் கேட்கவில்லை. கடைசியில் சக்கரங்களைப் பூட்டி ஜாக்கியை இறக்கினான்.

மனைவி சாவியோடு வந்தாள். பள்ளிக்கூட வேனை ஓட்டுகிறவள் அவள்தான்.

"மூணு மணிக்குப் பிள்ளைங்க கேட்டுல நிப்பாங்க. ஆச்சா?"

"ஆச்சு."

அவள் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். பின்னால் பதினான்கு சின்ன இருக்கைகள். அவன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"எடுக்காத. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாப் பிரிச்சுட்டேன். முன்ன பின்ன மாறியிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு."

"நீங்களா?" அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இதே மாடல் வண்டி ஒண்ணு பட்டறையில நிக்குதே. பார்த்துட்டு வாங்க."

"அங்க எப்படிப் போறது?"

"நடந்துதான்." அவள் ஏற்கனவே போனில் ஆசிரியையிடம், பிள்ளைகளை ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பட்டறை வாசலில் நின்றபோதுதான் கையில் இன்னும் கொக்கி இருப்பதைக் கவனித்தான். முதலாளி அவனைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். வாங்கிப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"நல்லா ராவியிருக்க."

"அந்த வேனோட பின் பிரேக்கை ஒரு பக்கம் திறந்து பார்த்துக்கணும்ண்ணே."

"ரெண்டையும் கழட்டிட்டியா?"

அவர் கொக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்றிருந்த வேனின் பின்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். திரும்பாமலேயே பின்னால் கையை நீட்டினார். அவன் கை தானாகச் சுவரில் வீல் ஸ்பேனர் தொங்கும் ஆணிக்குப் போனது.