அண்ணன் வீட்டு ஓட்டு

"கொஞ்ச நேரம்தான் சாலா. மாட்டுக் கொட்டாயில உக்காந்துக்கோ. அவங்க போனதும் நானே வந்து தூக்கிகினு வரேன்."

"சரிண்ணே."

"கோவமா?"

"கோவம் இன்னா கோவம்? எருமைக்கும் பேச்சுத் துணை வேணுமில்ல?"

ஆறு வருஷத்துக்கு முன், வீரமுத்துவின் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, அவனும் அவன் தங்கை சாலம்மாளும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். 'இவ என் தங்கச்சின்னு சொல்லிட்டாத்தான் இன்னா?' என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே விழுங்கிவிட்டாள். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் சூம்பிப்போனவள் அவள். அது வழிவழியாக வருகிற நோயில்லை என்று கல்வராயன் மலையின் கடைசி ஊர் வரை போய் மைக்கில் பேசியவளும் அவள்தான். வீட்டுக்குள் மட்டும் பேசவில்லை.

இப்போது இளையவளைப் பார்க்க மூங்கில்துறைப்பட்டிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு சர்க்கரை ஆலையில் வேலை. ஆனால் சாலம்மாளை இந்த முறை கொட்டகைக்குள் அடக்க முடியாது. பதினெட்டு வருஷம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்காக மனு எழுதிக் களைத்தவள், மனு வாங்குகிற நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்ப்போம் என்று ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கிறாள். மூக்குக் கண்ணாடி சின்னம். மூன்று சக்கர ஸ்கூட்டரில் அமர்ந்து கும்பிடும் அவள் முகம் அந்தத் தெருவில் மட்டும் ஏழு சுவர்களில் சிரித்துக்கொண்டிருந்தது.

"கிழிச்சுப் போடு" என்றாள் வீரமுத்துவின் மனைவி ராணியம்மாள்.

"கேஸ் ஆயிடும்டி."

"அப்ப அது மேல வேற ஒண்ண ஒட்டு."

விடிந்ததும் வீரமுத்து எதிர் வேட்பாளர் அம்மாசியின் வீட்டுக்குப் போய் ஏழு போஸ்டர் கேட்டான். அம்மாசிக்குக் கண் கலங்கிவிட்டது. "கூடப் பொறந்தவனே நம்ம பக்கம் வந்துட்டான்யா!" என்று துண்டு போர்த்தி, டீ கொடுத்து, ஒரு வாளி பசையையும் கொடுத்தனுப்பினார்.

சுவர்களில் இருந்த தன் முகத்தை அம்மாசியின் போஸ்டரால் மோவாயிலிருந்து மேலாக அண்ணன் மூடிக்கொண்டு வருவதை சாலம்மாள் வாசலில் இருந்து பார்த்தாள்.

"சாயங்காலம் வரைக்கும்தான் சாலா" என்றான் அவன், திரும்பாமலே. "நாளைக்கு நானே கிழிச்சுடுறேன்."

"கிழிச்சா கேஸ் ஆச்சேண்ணே."

அவன் பசையைத் தடவினான். "இன்னிக்கு நம்ம தெரு பக்கம் வராதம்மா."

"சரிண்ணே."

மூன்று மணிக்கு, மேலத்தெருவில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மைக் ஆட்டோவில் இருந்த சங்கச் செயலாளர் பிச்சைமுத்து எடுத்தார். பார்வையில்லாத அவருக்கு ஆளை அறியக் குரலே போதும். பேசியது சாலம்மாளின் எதிர்வீட்டு ஆயம்மாள்.

"ஊரெல்லாம் போய்க் கும்புடுறா, சொந்தத் தெருவுக்கு வர மாட்டாளா? நாங்க இன்னா அவ்ளோ இளக்காரமாப் போயிட்டமா? வந்து கேக்கலன்னா ஒரு ஓட்டு வுழாது, சொல்லிடுங்க!"

காலையில்தான் ஆயம்மாளும் சாலம்மாளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். ஆனால் அது வேறு, கைகூப்பிக் கேட்பது வேறு.

"அறுபது ஓட்டும்மா" என்றார் பிச்சைமுத்து. "அஞ்சு மணிக்குப் பிரச்சாரம் முடிஞ்சிடும்."

சாலம்மாள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். தெருவில் வாசலுக்கு வாசல் ஆரத்தி. ஆரத்தி எடுத்தவர்களும் பின்னாலேயே வந்தார்கள். கடைசியாக அண்ணன் வீடு மட்டும் மிஞ்சியது. வாசலில் வெளியூர் வேன்.

"ஏன் நின்னுட்ட?" என்றாள் ஆயம்மாள். "அந்த வூட்ல ஓட்டு இல்லையா? எங்க வாசல்ல கும்புட்ட கை அங்க கும்புடாதா?"

சத்தம் கேட்டு வீரமுத்து வெளியே வந்தான். பின்னாலேயே, கையில் பஜ்ஜியோடு மாப்பிள்ளையின் அப்பா. வீரமுத்து தங்கையைப் பார்த்தான். சட்டென்று இரண்டு கைகளையும் கூப்பினான்.

"வாங்கம்மா, வணக்கங்க!"

முப்பத்தெட்டு வருஷத்தில் அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் மரியாதை.

"வணக்கங்க" என்றாள் சாலம்மாளும். "மூக்குக் கண்ணாடி சின்னங்க." நோட்டீஸை நீட்டினாள்.

அவன் பயபக்தியோடு வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். "சாலம்மாளுங்களா? நல்ல பேருங்க."

ராணியம்மாள் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். காலையில் இதே நாத்தனாருக்குப் பழைய சோறு போட்டவள், "எந்தத் தெருங்க நீங்க?" என்றாள். கூட்டத்தில் பாதிப் பேர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். ஒருத்தியும் காட்டிக்கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. "தைரியமான பொம்பளைங்க. ஆனா தெருவுல உங்க போஸ்டர் ஒண்ணும் காணமே?"

"ஒட்டினோமுங்க" என்றாள் சாலம்மாள்.

"அப்படியா? சரி, நீங்க இந்த ஊர்ல யாரு வூட்டுப் பொண்ணும்மா?"

வீரமுத்துவின் கூப்பிய கை இறங்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால், பட்டுப்புடவையில் இருந்த அண்ணன் மகள் அத்தையையே பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு முதன்முதலில் தலைவாரிப் பின்னியது சாலம்மாள்தான். ஒரு வார்த்தை சொன்னால் இந்தச் சம்பந்தம் போகலாம். சொல்லாவிட்டால், இனி எந்தக் காலத்திலும் சொல்லப்போவதில்லை.

வேட்பாளரின் பேச்சே கேட்காததால், குரல் எட்டவில்லை போலிருக்கிறது என்று பிச்சைமுத்து ஆட்டோவிலிருந்து மைக்கை எட்டி நீட்டினார். சாலம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். கேட்டவரைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள். ஆட்டோவின் மேலிருந்த ஒலிபெருக்கிக் குழாய் கொர்ரென்றது. பிறகு அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"ஓட்டு உன் இஷ்டம்ண்ணே. நான் யாரு வூட்டுப் பொண்ணுன்னு மட்டும், நீயே உன் வாயால இவங்ககிட்டச் சொல்லுண்ணே."