இடது பின்னங்கால்

என் அத்தா நசீர் அகமது தேரடி வீதியில் படங்களுக்குக் கண்ணாடி ஃபிரேம் போடுகிறவர். கிரிவலம் வந்துவிட்டு அண்ணாமலையார் படம் வாங்கிப்போகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் அவர் கைபட்ட ஃபிரேம்தான் தொங்குகிறது. நல்ல மனுஷர், ஆனால் வாயில் ஒரு சேதி நிற்காது. மலைச்சரிவில் நான் பிடித்த சாணி வண்டு புது இனமாக இருக்கலாம், அப்படி இருந்தால் அதற்கு உங்கள் பெயரை 'நசீரி' என்று வைப்பேன் என்று சொன்னதுதான் தாமதம். 'இருந்தால்' என்பதைக் காற்றில் விட்டுவிட்டு மீதியை ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

நான் அவருக்கு ஒரே பெண். பேர் சொல்ல ஒரு பையன் இல்லையே என்று கல்யாண வீடுகளில் உச்சுக்கொட்டும் சொந்தக்காரர்களை இத்தனை வருஷமும் சிரித்தே சமாளித்தவர். இப்போது அவர் கையில் பதில் இருந்தது.

"புஸ்தகத்துல ஏறிடுச்சுன்னா அழிக்க முடியாது. உலகம் பூரா நசீரி, நசீரின்னுதான் கூப்புடுவான்."

"போயும் போயும் சாணி வண்டுக்கா, பாய்?" என்று கேட்டார் பக்கத்துப் பூஜைச் சாமான் கடை முருகவேல்.

"ஏன், உங்க வாசல்ல தெளிக்கறது என்னா பன்னீரா?"

கையோடு தேக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியும் செய்துவிட்டார். அடியில் தன் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. வண்டு காகிதம் ஏறிய அன்று அதன் ஜோடி ஒன்று அந்தப் பெட்டியில் கடை முகப்பில் உட்கார வேண்டுமாம்.

ஆனால் புது இனம் என்று நானாகச் சொல்லிவிட முடியாது. நான் பிஎச்.டி. செய்யும் கல்லூரியில் முன்பு விலங்கியல் துறைத்தலைவராக இருந்து காலமான ஒருவர், நாற்பது வருஷத்துக்கு முன் இதே மலையில் பிடித்த ஒரு சாணி வண்டுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். அவர் ஊசி குத்தி வைத்த ஐந்து வண்டுகள் கல்லூரி மியூசியத்தில் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஐந்தில் ஒன்றுதான் டைப். அவர் வைத்த பெயருக்குச் சாட்சி அந்த ஒரு வண்டுதான். அது எந்த இனமோ அந்த இனத்துக்குத்தான் பெயர் போகும். அடையாளத்துக்கு அதன் ஊசியில் ஒரு சிவப்புச் சீட்டு இருக்கும்.

பெட்டியைத் திறந்தால் ஐந்து ஊசியிலும் ஒரே மாதிரி பளபளக்கும் வெள்ளைச் சீட்டு. மூடியில் சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜைக்கு லேப் அசிஸ்டெண்ட் கஸ்தூரி மியூசியத்தையே துடைத்து எடுத்திருக்கிறாள். "பழைய சீட்டெல்லாம் செல்லரிச்சு ஒரே அழுக்கு மேடம். எடுத்துப் போட்டுட்டு புதுசா பிரிண்ட் போட்டேன்" என்றாள், நான் பாராட்டப்போகிறேன் என்ற முகத்தோடு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அலமாரியை அப்படியே கவிழ்த்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு லென்ஸை எடுத்தேன்.

நான்கு வண்டுகள் எங்கும் கிடைக்கிற சாதாரண இனம், எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. தலைவர் கவனிக்காமல் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். ஐந்தாவது மட்டும் அச்சு அசலாக என் வண்டு. அந்த நான்கில் ஒன்று டைப்பாக இருந்தால் என் வண்டு புதுசு, அத்தா பெயர் நிற்கும். ஐந்தாவதுதான் டைப் என்றால் என் வண்டுக்கு ஏற்கெனவே அந்த அம்மாவின் பெயர் இருக்கிறது.

தலைவரின் கட்டுரையில் ஒரே ஒரு வரி உதவியது. டைப்புக்கு மட்டும் இடது பின்னங்கால் இல்லை. எண்ணிப் பார்த்தேன். ஐந்துக்கும் கால்கள் முழுசாக இருந்தன.

என் கைடு சக்கரபாணி சாரிடம் போய் நின்றேன். "டைப் தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிடும்மா. அந்த நாலுல நல்லதா ஒன்ன டைப்னு அறிவிச்சுடு, ரூல்ஸ்லயே இடம் இருக்கு. உனக்கு பிஎச்.டி., உங்க அப்பாவுக்குப் பேரு" என்றார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை.

மறுநாள் அந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பெட்டியை எடுத்தபோது கஸ்தூரி பதறி ஓடி வந்தாள்.

"பாத்துப் புடிங்க மேடம். அதுல ஒன்னுக்கு ஒட்டுன காலு."

"என்ன காலு?"

"பின்னமானத பூஜையில வைக்கக் கூடாதுல்ல? ஒன்னுக்கு காலு இல்ல. வேற டப்பால உதிர்ந்து கெடந்ததுல ஒன்ன எடுத்து ஃபெவிக்விக் போட்டு ஒட்டுனேன்."

"எந்த வண்டுக்கு ஒட்டுன?"

"எல்லாம் ஒரே கருப்பா இருந்துச்சு மேடம், ஞாபகம் இல்ல."

நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக வைத்தேன். முதல் நான்கில் ஒன்றுமில்லை. ஐந்தாவதன் இடது பின்னங்கால் மூட்டில் ஒரு சொட்டுப் பசை காய்ந்து மின்னியது. பாவம், வலது காலை எடுத்து இடது பக்கம் ஒட்டியிருந்தாள். வளைவு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. கையில் இடுக்கி இருந்தது. நான்கில் ஒன்றின் இடது பின்னங்காலை லேசாகத் தட்டினால் விழுந்துவிடும், அதுவே டைப் ஆகிவிடும். இடுக்கியை ஒரு வண்டின் அருகில் கொண்டுபோனேன், மறைக்க மாட்டேன். தேரடி வீதியில் அத்தா தலை நிமிர்ந்து நடப்பது கண்ணில் தெரிந்தது. எனக்கு அழுகையாக வந்தது. எவ்வளவு அழுதும் அந்தப் பசை அங்கேயேதான் மின்னிக்கொண்டிருந்தது.

அசிட்டோன் தொட்டு ஒட்டுக்காலை எடுத்தேன். சிவப்புக் காகிதம் வெட்டி, எழுதி, ஐந்தாவதன் ஊசியில் குத்தினேன்.

கடைக்குப் போனபோது அத்தா பித்தளைத் தகட்டைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். தேய்ப்பது நின்றது.

"அந்தப் பொண்ணு காலு ஒட்டுனேன்னு சொல்லாம இருந்திருந்தா?"

"எனக்குத் தெரிஞ்சிருக்காது அத்தா."

"தெரிஞ்சப்புறம் நீ சும்மா இருந்திருந்தா? யாருக்குத் தெரியும்?"

திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தகட்டைக் கழற்றினார், திருகாணிகளைப் பத்திரமாக டப்பாவில் போட்டார், தகட்டை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முருகவேல் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னா பாய், பாப்பா வந்திருக்கு? நம்ம நசீரி காகிதம் ஏறிடுச்சா?"

அத்தா என்னைப் பார்க்கவில்லை.

"ஏறலப்பா" என்றார். "அது வேற ஒருத்தரோட புள்ளையாம்."