வலியில் வராத எழுத்து

ஃபோர்மேன் சண்முகசுந்தரத்தைக் குத்தியவனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பேச்சைக் கேட்டவள் மட்டும் ஒருத்தி இருந்தாள். மண்ணூர்பேட்டை வார்ப்பட ஆலையில் மண் சலிக்கும் பொன்னம்மாள். சாயங்கால ஷிஃப்ட் மாறும் நேரம், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவன் அடித்தொண்டையில் சீறினான்.

"கீழே கிட. இனி எழாதே."

யார் குரல் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த 'ழ' காதில் ஒட்டிக்கொண்டது. "நம்ம ஜனம் 'கீயே'ன்னுதானே சார் சொல்லும்? அந்தாளு நாக்க மடிச்சி சுத்தமா சொன்னான்."

இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜுக்கு அது போதுமாயிருந்தது. அந்த வட்டாரத்தில் நாக்கை மடித்துப் பேசுகிறவன் ஒருவன்தான், கேட் மீட்டிங் பேச்சாளன் வேம்புலி. 'உலகத்தில் வேறெந்த மொழிக்கும் இல்லாத எழுத்து எங்கள் ழ' என்று மேடைக்கு மேடை முழங்குகிறவன். போதாக்குறைக்கு, கேன்டீன் அச்சுதனின் தம்பிக்கு மெஷினில் இரண்டு கையும் நசுங்கியதை ஃபோர்மேன் மூடி மறைத்தபோது, "இவரை விழ வைப்போம்" என்று மைக்கில் சபதம் போட்டவனும் அவன்தான். கொலை நடந்தபோது பாடி பஸ் ஸ்டாப்பிலிருந்து தனியாக நடந்து வந்துகொண்டிருந்தேன் என்றான். பார்த்தவர் யாருமில்லை. தூக்கிப் போய் லாக்கப்பில் போட்டார்கள்.

அவன் மனைவி சாமுண்டீஸ்வரி மறுநாள் பொன்னம்மாளைத் தேடி ஆலைக்கே போனாள். சண்டை போடத்தான் போனாள். பொன்னம்மாளோ அவளைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். கேன்டீன் ஜன்னலுக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தாள்.

பின்னாலிருந்து லாரி டிரைவர் ஒருவன் கத்தினான். "அண்ணாத்தே, ஏயு டீ!"

பாலக்காட்டிலிருந்து வந்த அச்சுதன் உள்ளே திரும்பிச் சொன்னான். "ஏழு டீ."

பொன்னம்மாளின் கிளாஸ் சரிந்து புடவையெல்லாம் டீ. "இதான்க்கா," என்றாள், உதடு மட்டும் அசைய. "இதே நாக்குதான்."

சாமுண்டீஸ்வரி அவள் கையை விடவேயில்லை. இழுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனாள்.

"மலையாளத்தானா?" கோவிந்தராஜ் சிரித்தார். "ஏம்மா, ழ தமிழுக்கு மட்டும்தான்னு ஊரக் கூட்டிச் சொன்னதே உன் புருஷன். இப்ப கேரளாவுக்குத் தானம் பண்ணிட்டானா?"

மூலையில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பக்தவத்சலம் தொண்டையைச் செருமினார். பட்டாளத்திலிருந்து வந்தவர். "அவங்களுக்கும் மழ, புழ எல்லாம் உண்டுங்கய்யா. அவ்வளவு ஏன், சீன பார்டர்ல எதிரி ஒலிபெருக்கி வெச்சிக் கத்துவான். அவனும் நாக்க மடிச்சி ஏறக்குறைய நம்ம மாதிரிதான்..."

"அப்ப சீனாக்காரன் வந்து குத்திட்டுப் போனானா? எழுதுய்யா பேசாம."

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. பொன்னம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாமுண்டீஸ்வரியிடம் திரும்பினார். "சரி, ரெண்டு பேருக்கு வருதுன்னே வெச்சிக்குவோம். உன் புருஷன் இல்லைன்னு எப்படிச் சொல்ற?"

சாமுண்டீஸ்வரிக்குப் பதில் தெரியும். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத பதில். முந்தானையை வாயிலிருந்து விலக்கிச் சொன்னாள்.

"அது மேடைத் தமிழ் சார். கண்ணாடி முன்னாடி நின்னுகினு பழகினது. ஊட்ல எம் புருசனுக்கு அது வராது. கோவம் வந்து என் மேல கைய ஓங்கினாகூட 'எயுந்து போடி'ன்னுதான் சொல்லும். போன வருசம் கால்ல ஆணி ஏறிச்சே, 'கீயே உக்கார வைடி'ன்னுதான் கத்திச்சு. வெறி புடிச்சிக் குத்துறவன் நாக்க மடிச்சிகினா இருப்பான்? பொறந்ததுலேர்ந்து வந்தவனுக்குத்தான் சார் அப்ப வரும்."

கோவிந்தராஜ் அவளையே பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வலிச்சா மாறிடும்ங்கற."

அப்போதுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது. "சார், வேணாம் சார்! நான் அதுக்குச் சொல்லல..."

"நீதானம்மா வழி சொன்ன. பாத்துடுவோம்." லாக்கப்புக்குப் போகும் கதவு சாத்திக்கொண்டது.

முதல் அடியின் சத்தம் கேட்டது. பிறகு வேம்புலியின் குரல், மேடையில் வருகிற அதே குரல். "அடக்குமுறை ஒழிக!" அடுத்த அடி. "தொழிலாளர் ஒற்றுமை வாழ்க!" ஒவ்வொரு ழவும் மணி மணியாக விழுந்தது. போலீஸ்காரர்கள் முன்னால் தலைகுனியக் கூடாது என்று அந்த மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாக்கை மடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முழக்கமும் அவனைத் தூக்கு மேடைக்குக் கூட்டிப் போகிறது என்று அவனுக்கு யார் சொல்வது?

சாமுண்டீஸ்வரி கதவில் நெற்றியை முட்டிக்கொண்டாள். உடைஞ்சிடு மாமே, என்று வேண்டினாள். வீராப்பு வேணாம். உடைஞ்சிடு.

பொன்னம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஏட்டு வெளியே போய்விட்டார். அடி நிற்கவில்லை. முழக்கம் தேய்ந்தது, முனகலானது. அப்புறம் ஒரு அலறல், சுவரே பிளந்தது போல.

"கீயே... கீயே உடுங்க சார்! எயுந்துக்க முடியல... யம்மா, உயுந்துடுவேன்..."

சாமுண்டீஸ்வரியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று விடுபட்டது. அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நொடியே அவளுக்கு உடம்பு கூசியது.

கதவைத் திறந்துகொண்டு வந்த கோவிந்தராஜ் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஜீப்பை எடுங்கய்யா. கேன்டீனுக்கு."

அச்சுதன் மறுக்கவேயில்லையாம். தம்பிக்குச் சோறு ஊட்ட ஆள் வேண்டும் என்று மட்டும் கேட்டானாம்.

சாமுண்டீஸ்வரி உள்ளே போனாள். வேம்புலி தண்ணீர் தெளித்த தரையில் சுருண்டு கிடந்தான். அவள் மடியில் தலையைத் தூக்கி வைத்தபோது கண்ணைத் திறந்தான். ஒரு கண்தான் திறந்தது.

"இன்ஸ்பெக்டரு அடிக்கும்போது சொன்னாரு," என்றான் ஈனசுரத்தில். "'உன் பொண்டாட்டிதான்டா வயி காட்டினா'ன்னு. நீயா சொன்ன?"

உன்னை விட்டுவிடுகிறார்கள், வா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் தலையை அவள் மடியிலிருந்து நகர்த்தி, ஈரத் தரையிலேயே வைத்துக்கொண்டான்.