நடுங்குவது ஸ்டீயரிங்தான்

ஆகவே இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, குன்னூரிலிருந்து பர்லியார் இறங்கும் ரோட்டுக்கு மேலே, எங்கள் வீட்டுச் சரிவில், ஜாகீர் ஆகிய நான், வயது ஐம்பத்து நான்கு, இருபத்தாறு வருடமாக நானே ஓட்டிவரும் பிக்கப்பின் ஸ்டீயரிங்கை என் இரண்டு கைகளாலேயே கழற்றி வேறொன்றை மாட்டப்போகிறேன், அத்துடன் நடுங்குவது வண்டியா ஆளா என்று நீலகிரி மாவட்டத்தையே மூன்று மாதமாக வாட்டி வதைத்துவரும் பெருங்கேள்வி முடிவுக்கு வருகிறது... வண்டிதான். எத்தனை தடவை சொல்வது? ஸ்டீயரிங்கில் நான்கு இடத்தில் விரிசல், விரிசலின் மேல் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன், டியூபின் மேல் வேட்டித் துணி, இத்தனை கட்டுப் போட்ட ஒன்று நடுங்காமல் நாட்டியமா ஆடும்? ஆனால் தனசிங்குக்கு இது புரியாது. தனசிங் பிக்கப் ஸ்டாண்டின் தலைவர். சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு ஸ்டாண்டில் பந்தல் போட்டு, தனக்குத்தானே ஒரு மாலை வாங்கி, அதை இன்னொருவர் கையால் போட வைத்து, ஊளையிடும் மைக்கில், ஒவ்வொரு டிரைவரும் தனக்குள் இருக்கும் டிரைவரைத் தேட வேண்டும் என்று பேசினார். தேடிக் கண்டுபிடித்து என்ன செய்வது, லைசென்ஸ் கேட்பதா? அதோடு விட்டாரா... "அம்பது தாண்டுனவங்க ஒருக்கா கையைக் கிய்யைச் செக் பண்ணிக்கிறது நல்லதுங்க, நான் ஆரு பேரையும் சொல்லல" என்றார், நாற்பது தலை என் பக்கம் திரும்பியது. நான் எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது, ஆனால் எழுந்தேன். "தலைவரே, நடுங்குறது என்ற கையில்லீங்க, என்ற ஸ்டீயரிங்கு. மாத்திட்டு வர்றேன். அப்பறமும் நடுங்குச்சுன்னா வண்டியை விட்டு நானே எறங்கிக்கிறேன்." கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் மனிதனைக் கெடுக்கிறது. வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது, என் வீட்டுக்காரி ஆஸியா வாசலிலேயே நின்றிருந்தாள், "எறங்கிக்கிறேன்னு மைக்குல சொன்னீங்களாமா?" "மைக்கு இல்லாமத்தான் சொன்னேன்." "சொன்னீங்கல்ல? அது போதுமுங்க, பேச்சு மாறப்படாது."

மாற மாட்டேன். ஹாரன் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், அது எகிறிப் போய் ஆஸியாவின் கொத்தமல்லிப் பாத்தியில் விழுந்தது. அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு ஒயர், நடுவில் ஒரு பெரிய நட்டு. இவ்வளவுதான். இருபத்தாறு வருடம் மலையேற்றி இறக்கியது ஒற்றை நட்டு, இதில் தலைவர்களுக்கு என்ன வேலை? கேரட் மூட்டையை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் இறங்குவது, மண்டியில் தள்ளிவிட்டு வெயில் ஏறுவதற்குள் மேலே வந்துவிடுவது, பதினான்கு கொண்டை ஊசியும் என் கைக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பி ஒன்பதாவது வளைவு என்று சொன்னால் தோள் தானாகத் திரும்பும். இந்தக் கையைப் போய்... பர்லியாரில் டீ குடிக்கும்போது கிளாஸிலிருந்து சட்டையில் சிந்தியது, சரி, டீக்கடைக்காரர் விளிம்பு வரைக்கும் ஊற்றினார், வேறு யாருக்கும் சிந்தவில்லை என்றால் அவர்களுக்கெல்லாம் குறைவாக ஊற்றியிருக்கிறார். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, இப்போது தைக்கிறவர்கள் ஓட்டையைச் சின்னதாக வைக்கிறார்கள். அஃப்ஷானின் நிக்காஹ் பதிவேட்டில் என் கையெழுத்து வரியை விட்டு ஏறி, இறங்கி, பக்கத்துச் சாட்சியின் பெயரில் போய் முட்டி நின்றது, நிக்காஹ் ஓதிய ஹஜ்ரத்திலிருந்து சம்பந்தி வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், மகளைக் கொடுக்கிற தகப்பனின் மனசு என்றார்கள். மனசுதான். மனசு என்று நாலு பெரிய மனிதர்கள் சொல்லியாகிவிட்டது, அதை மறுக்க நான் யார்? அஃப்ஷான் மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்... அத்தா, உங்க கை, என்று ஆரம்பித்தாள். கூட்டமாக இருந்தது. பிறகு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நட்டை முழுதாகக் கழற்றக் கூடாது. இது தெரியாதவன் பல்லை இழப்பான். நாலு சுற்று மரை விட்டுவைத்துத் தளர்த்த வேண்டும், பிறகு ஸ்டீயரிங்கின் அடியில் இரண்டு முழங்காலையும் கொடுத்து, இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு, துருப்பிடித்தது பொசுக்கென்று விடும்போது நட்டு தடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் மூக்கில்தான். ஆட்டினேன். வரவில்லை. டாக்டர் ஞாபகம் வந்தது. குன்னூர் டாக்டர், சின்னப் பையன், என் அஃப்ஷானை விட ரெண்டு வயது கூட இருந்தால் அதிகம், ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஐயா இதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி வரைங்க என்றார். நான் மருந்து வாங்க வந்தேனா, ஓவியப் போட்டிக்கு வந்தேனா? வரைந்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நானும் பார்த்தேன், நத்தை இல்லை, குன்னூர் மேட்டுப்பாளையம் ரோடு, வளைவு வளைவாக அப்படியே வந்திருந்தது, "டாக்டர், மலையில வண்டி ஓட்டுறவன் வட்டம் வரைஞ்சா இப்படித்தான் வருமுங்க" என்றேன், அவர் சிரிக்கவில்லை, கோயம்புத்தூரில் ஒரு பெரிய டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். இதைச் சொல்ல எம்.டி. படித்திருக்கிறார். அந்தச் சீட்டு எங்கே? வண்டி டேஷ்போர்டில்தான் வைத்தேன், ஆஸியா அதை எடுத்துவிட்டாள், எடுத்ததையும் சொல்லவில்லை, நான் தேடியதையும் சொல்லவில்லை, இப்படி முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம்... பொசுக்! வந்துவிட்டது. நட்டு தடுத்தது. மூக்கு பிழைத்தது. யார் கை கழற்றியது? இந்தக் கை. தனசிங் வந்து பார்க்கட்டும்.

மாற்று ஸ்டீயரிங் மேட்டுப்பாளையத்தில் உடைத்த ஒரு வண்டியினுடையது, புதியது இல்லை, ஆனால் விரிசல் இல்லாதது, கறுத்து மினுமினுவென்று இருந்தது, துடைத்துக் கொண்டுவந்து, நடுக் கம்பிகள் இரண்டும் தராசு மாதிரி சமமாக நிற்கும்படி, கண்ணை இடுக்கிப் பார்த்து மாட்டினேன். நட்டையும் முறுக்கினேன். அழகு. ஒரு கலெக்டர் வந்து ரிப்பன் வெட்டலாம். ஆஸியா முறத்தோடு வெளியே வந்தாள், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள், முன் டயரிடம் நின்றாள். "ஏனுங்க, ஸ்டீயரிங்கு நேரா ரோட்டைப் பாக்குது, டயரு மட்டும் மண்திட்டைப் பாக்குதே, ரெண்டுக்கும் சண்டைங்களா?" இறங்கிப் பார்த்தேன். டயர் திட்டைப் பார்த்து முழுதாகத் திரும்பி ஒடிந்து நின்றிருந்தது. நான்தான் ஒடித்தேன். நேற்று வண்டியை நிறுத்தும்போது, என்றைக்கும் போல, சரிவில் நிறுத்துகிறவன் டயரைத் திட்டுப் பக்கம் ஒடித்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான், பிரேக் விட்டாலும் வண்டி போய்த் திட்டில் முட்டி நிற்கும், இது இந்த மலையில் யோசித்துச் செய்வதில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது மாதிரி. ஸ்டீயரிங் கழற்றுவதற்கு முன்னால் டயரை நேராக்க வேண்டும் என்பது சமவெளிக்காரனுக்கு நினைவிருக்கும், அவன் வண்டி எப்போதும் நேராகத்தான் நிற்கிறது. "இப்படியே ஓட்டுனா நேராப் போறதுக்கு ஒரு சுத்து சுத்தோணுமுங்க" என்றாள். "நம்ம ஊருல நேரா எங்க புள்ள போறோம்?" என்றேன். உண்மைதானே? ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு நீளமாக ஒரு நேர் ரோடு இந்த மலையில் எங்கே இருக்கிறது? அடிவாரம் கல்லாறு வரைக்கும் இறங்கினால்தான் தெரியும். இப்படியே ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஒரு கணம் தோன்றியது, கோணல் ஸ்டீயரிங்கோடு ஸ்டாண்டில் போய் தனசிங்கின் முன்னால் நிறுத்த வேண்டும், நடுங்குதா தலைவரே? இல்லையே? கோணல் வேறு, நடுக்கம் வேறு... ஆனால் ஆஸியா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முறத்தைக் கீழே வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுபடியும் தளர்த்தி, டயரை நேராக்கி, மறுபடியும் உருவி, மறுபடியும் மாட்டி. இந்தத் தடவை அவள் ஜன்னல் வழியாகக் கை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள், நான் நட்டை வைக்க வேண்டும். முதல் மரையில் ஏற்றுவதுதான் கஷ்டம், அதன் பிறகு தானாகப் போகும். வைத்தேன், வழுக்கியது. வைத்தேன், வழுக்கியது. மூன்றாவது தடவை காலடியில் விழுந்தது. "குளுருக்கு வெரலு மரத்துப் போச்சு" என்றேன். "ஆமாங்க, குளுருதான்" என்றாள், முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே. முதல் தடவை எப்படி ஏற்றினேன்? ஏற்றினேனே... எத்தனை முயற்சியில் என்று நான் எண்ணவில்லை, யாரும் பார்க்கவில்லை, பார்க்காததை எண்ண வேண்டிய அவசியமில்லை. கதவைத் திறந்து, குனிந்து நட்டை எடுத்து அவளே வைத்தாள். இரண்டு விரல். ஒரே திருகு. ஏறிவிட்டது. அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம், ஒரு நக்கல், ஒரு சிரிப்பு, இருபத்தாறு வருட டிரைவருக்கு ஒரு நட்டு ஏற்றத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை? ஸ்பேனரைப் பிடுங்கி நானே முறுக்கினேன், தேவைக்கு மேல் முறுக்கினேன், முறுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

சரி. பரீட்சை. ஆஸியா சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள், "புடிங்க, பாப்போம்" என்றாள். பிடித்தேன். கெட்டியாகப் பிடித்தால் ஒன்றுமில்லை, கல் மாதிரி நின்றது. பார்த்தாயா? "அப்படி இல்லீங்க, ஓட்டும்போது எப்படிப் புடிப்பீங்களோ அப்படி." ஓட்டும்போது யார் இறுக்கிப் பிடிப்பார்கள், இடது கையை மேலே சும்மா வைத்திருப்பேன், அவ்வளவுதான். சும்மா வைத்தேன். வெளியே மிஸ்ட் ஏறிவந்து கண்ணாடியை மூடியது, திட்டு தெரியவில்லை, ரோடு தெரியவில்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒரு கறுத்த வட்டமும் மட்டும். தனசிங்குக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிடலாம், தலைவரே, உங்களுக்குள் இருக்கும் டிரைவரைத் தேடிப் பிடியுங்கள், என்னுடையவன் இங்கே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறான், நாளைக் காலை கேரட் இறங்கும், நாளை மறுநாளும் இறங்கும்... அப்போது அது வந்தது. மெதுவாக. ஒரு விரல் அகலத்துக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கொதிக்க ஆரம்பிக்கும் பாத்திரத்தின் மூடி மாதிரி. ஆஸியா பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன், "அது இஞ்சினு புள்ள. பழைய டீசலு, நின்னு ஓடறப்ப ஸ்டீயரிங்கு வரைக்கும் ஆட்டத்தான் செய்யும். கொஞ்சம் ரேஸ் பண்ணுனா அடங்கிரும், பாரு," ஆக்சிலேட்டரை மிதித்தும் காட்டினேன். அவள் என் இடது கையின் மேல் தன் கையை வைத்தாள். ஸ்டீயரிங் நின்றது. கையை எடுத்தாள்.

வண்டியை நான் இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.